மலை ஊருக்குக் குடிபோகிறவர்கள் சாமான் வண்டி பேசும் முன் செய்ய வேண்டியவை

சமவெளியில் வீடு மாற்றும்போது கூலி இரண்டு கணக்கில் அடங்கிவிடும்: எவ்வளவு சாமான், எவ்வளவு தூரம். மலை ஊரில் மூன்றாவது கணக்கு ஒன்று உண்டு. வண்டி நிற்கும் இடத்திலிருந்து உங்கள் வாசற்படிவரை உள்ள வழிதான் அது. 300 கிலோமீட்டரை அலுங்காமல் கடந்து வந்த லாரி, கடைசி 200 மீட்டருக்காக அரை நாள் நின்றுவிடும். கூலித் தகராறுகள் பெரும்பாலும் அந்த 200 மீட்டரில்தான் வெடிக்கின்றன. ஆகவே தொலைபேசியை எடுப்பதற்கு முன் அளவு நாடாவை எடுங்கள்.

1. புது வீட்டு வழியை அளப்பது

சாமான் வண்டி உங்கள் வாசல்வரை வருமா என்று வீட்டு உரிமையாளரிடம் கேட்டால் “தாராளமாக வரும்” என்பார். அவர் மனதில் இருப்பது அவருடைய கார். குப்பை வண்டி எதுவரை வருகிறது, பக்கத்தில் யாராவது வீடு கட்டியபோது மணல் லாரி எங்கே நின்று கொட்டியது என்று அக்கம்பக்கத்தில் விசாரியுங்கள். அந்த இடம்தான் உங்கள் லாரியும் நிற்கப்போகும் இடம்.

அங்கிருந்து வீடுவரை ஒருமுறை நடந்து பாருங்கள். கைபேசியில் காணொளி எடுத்தபடி, நிறுத்தாமல், ஒவ்வொரு அறைக்குள்ளும் போய் முடியுங்கள். பின்னால் விலை கேட்கும்போது இந்தக் காணொளியை அனுப்பினாலே பாதிப் பேச்சு மிச்சம். நடக்கும்போது கவனிக்க வேண்டியவை: பாதையின் மிகக் குறுகிய இடத்தின் அகலம், தலைக்கு மேல் தாழ்ந்து தொங்கும் மின்கம்பிகளும் கிளைகளும், வண்டி திரும்ப இடம் இருக்கிறதா அல்லது பின்னோக்கியே இறங்க வேண்டுமா, படிகளின் எண்ணிக்கை, படி திரும்பும் இடத்தின் அகலம், கதவு நிலையின் அகலமும் உயரமும். மூடிய பெட்டி வைத்த லாரி திறந்த லாரியைவிட உயரமானது. திறந்த லாரி போன பாதையில் அது கம்பியில் இடிக்கலாம்.

வீட்டுக்குள் சரிந்த கூரை இருந்தால் தாழ்ந்த பக்கத்தின் உயரத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். மலை வீடுகளில் உயரமான பீரோ படுக்கையறைவரை போய்ச் சேர்ந்தும் நிமிர்ந்து நிற்க முடியாமல் போகும்.

ஒரு சின்னக் கணக்கு. வண்டி நிற்கும் இடம் வீட்டிலிருந்து 100 மீட்டர், உங்களிடம் 60 அட்டைப்பெட்டிகள் என்று வைத்துக்கொள்வோம். ஒருவர் ஒரு நடைக்கு ஒரு பெட்டி எடுத்தால், போக வர 200 மீட்டர் வீதம் மொத்தம் 12 கிலோமீட்டர் நடை. நான்கு பேர் பகிர்ந்துகொண்டால் ஆளுக்கு 3 கிலோமீட்டர். அதில் பாதி தூரம் சுமையோடு, ஏற்றத்தில். கட்டிலும் பீரோவும் இன்னும் கணக்கிலேயே வரவில்லை. இதைச் சொல்லாமல் விலை வாங்கிவிட்டு, வந்து இறங்கியவர்கள் கூடுதல் பணம் கேட்டால் அவர்கள்மேல் மட்டும் கோபப்பட முடியாது.

2. சாமானைக் குறைப்பது

வேண்டாததைக் கழிப்பது எந்த ஊர் மாற்றத்துக்கும் பொருந்தும் அறிவுரைதான். மலைக்கு என்றால் கழிக்கும் பட்டியல் கொஞ்சம் வேறு. உயரம் 1,000 மீட்டர் கூடும்போது வெப்பநிலை சராசரியாக 6.5 டிகிரி செல்சியஸ் குறைகிறது. ஆகவே ஏர் கூலர் போன்றவற்றைச் சுமந்து போவதில் பொருள் இல்லை. மரத்தூளை அழுத்திச் செய்த பலகைச் சாமான்கள்மேல் எனக்கு நம்பிக்கையே கிடையாது. ஈரக்காற்றில் ஓரங்கள் உப்பும். ஒருமுறை கழற்றிப் பூட்டினால் திருகாணி முன்போல் பிடிக்காது. இருக்கிற ஊரிலேயே விற்றுவிடுவது நல்லது. நல்ல மரம், இரும்பு, மூங்கில் போகலாம்.

மிச்சமிருப்பதை அறை அறையாகப் பட்டியல் போடுங்கள். பெரிய பொருள்களுக்கு நீளம், அகலம், உயரம் மூன்றையும் எழுதுங்கள். 170 செ.மீ. உயரம், 60 செ.மீ. அகலம், 65 செ.மீ. ஆழமுள்ள குளிர்சாதனப் பெட்டி ஏறக்குறைய 0.66 கன மீட்டர் இடம் பிடிக்கும். பக்கத்துக்கு 45 செ.மீ. உள்ள அட்டைப்பெட்டிகள் 11 சேர்ந்தால் ஏறக்குறைய ஒரு கன மீட்டர். இப்படிக் கூட்டி வைத்துக்கொண்டால், சிறிய வண்டி போதுமா என்பதை நீங்களே சொல்லிவிடலாம். “பெரிய வண்டிதான் வேண்டும்” என்று ஒருவர் அடித்துச் சொல்லும்போது தலையாட்டிக்கொண்டிருக்க வேண்டியதில்லை.

3. நாள் குறிப்பது

மழைக்காலத்தைத் தவிருங்கள். முடியாவிட்டால், பழைய வீட்டின் சாவியைக் கொடுக்கும் நாளுக்கும் சாமான் ஏற்றும் நாளுக்கும் இடையே ஓரிரு நாளாவது இடைவெளி வையுங்கள். மண் சரிந்து பாதை மூடினால் யாரைக் கேட்டும் பயனில்லை. சுற்றுலாக் கூட்டம் மொய்க்கும் வார இறுதிகளும் விடுமுறைகளும் வேண்டாம். கொண்டை ஊசி வளைவில் கார்கள் வரிசைகட்டி நிற்கும்போது லாரி ஒன்று முன்னும் பின்னும் போய்த் திரும்பவே முடியாது.

பல மலைகளில் காலையில் தெளிவாக இருக்கும் வானம் மதியத்துக்குப் பிறகு மேகமும் மூடுபனியுமாகிவிடும். அதிகாலையில் அடிவாரத்தை விட்டுக் கிளம்பி, முற்பகலில் மேலே சேர்ந்து, வெளிச்சம் இருக்கும்போதே இறக்கி முடிப்பதுதான் சரியான திட்டம். சில மலைப்பாதைகளில் கனரக வண்டிகளுக்கு நேரக் கட்டுப்பாடு, இரவுத் தடை, நீளக் கட்டுப்பாடு உண்டு. இதை வண்டிக்காரர் பார்த்துக்கொள்வார் என்று விட்டுவிடாமல், போக்குவரத்துக் காவல் பிரிவில் நீங்களும் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

4. நிறுவனத்தைத் தேர்ந்தெடுப்பது

பேக்கர்ஸ் அண்ட் மூவர்ஸ் என்ற பெயரில் உங்களுக்குக் கிடைப்பவர்களில் பல வகை உண்டு. சொந்த வண்டியும் சொந்த ஆட்களும் வைத்திருப்பவர்கள், வண்டியை மட்டும் வாடகைக்கு எடுப்பவர்கள், எதுவுமே இல்லாமல் வேலையை வாங்கி இன்னொருவருக்குக் கைமாற்றிவிடும் தரகர்கள். மூன்றாவது வகையினர்தான் தொலைபேசியில் மிக இனிமையாகப் பேசுவார்கள். “வண்டி யார் பெயரில் இருக்கிறது? ஏற்ற வருகிறவர்கள் உங்கள் ஆட்களா?” என்ற இரண்டு கேள்விகளில் குரல் மாறுவதைக் கவனியுங்கள்.

மேலேயே இருந்து தொழில் செய்யும் உள்ளூர் வண்டிக்காரர் ஒருவரிடமும் விலை கேட்டு வையுங்கள். எந்தத் தெருவில் எந்த வண்டி நுழையும் என்பது அவருக்கு மனப்பாடம். கட்டும் நேர்த்தியும் காப்பீட்டுத் தாள்களும் பெரிய நிறுவனத்தில் கூடுதலாக இருக்கலாம். கண்ணாடியும் மின்சாதனங்களும் நிறைய இருந்தால் பெரிய நிறுவனத்தைப் பாருங்கள். சாமான் குறைவு, வழி சிக்கல் என்றால் எனக்கு உள்ளூர் ஆள்தான்.

குறைந்தது மூன்று இடங்களில் விலை கேளுங்கள். நேரில் வந்தோ காணொளி அழைப்பிலோ சாமான்களைப் பார்க்காமல் யாராவது விலை சொன்னால் அந்த விலையைக் குறித்துக்கொள்ளவே வேண்டாம். அது பிறகு ஏறப்போகும் விலை. நல்ல ஆளை அவர் கேட்கும் கேள்விகளை வைத்தே கண்டுகொள்ளலாம். எத்தனையாவது மாடி, எத்தனை படி, வண்டி எங்கே நிற்கும், பீரோவைக் கழற்ற முடியுமா, மேலே சேர்ந்ததும் இறக்க இடம் தயாராக இருக்குமா என்று அவர் உங்களைக் குடைய வேண்டும். எதையும் கேட்காமல் “கவலையே வேண்டாம், பார்த்துக்கொள்கிறோம்” என்பவரிடம்தான் கவலைப்பட வேண்டியது அதிகம்.

நீங்கள் கேட்க வேண்டியவை: ஓட்டுநருக்கு மலைப்பாதை பழக்கமா? கீழே ஏற்றும் அதே ஆட்கள் மேலே வந்து இறக்குவார்களா, அல்லது அங்கே புதியவர்களா? மேலே சுமை இறக்குவதற்கு உள்ளூர்த் தொழிலாளர்களையே அமர்த்தும் ஏற்பாடு இருந்தால் அந்தக் கூலி யார் பொறுப்பு? பாதை மூடினால் சாமான் எங்கே, எவ்வளவு வாடகையில் காத்திருக்கும்?

எல்லாவற்றையும்விட முக்கியமான கேள்வி ஒன்று: இடையில் வண்டி மாறுமா? நீளமான லாரி கொண்டை ஊசி வளைவில் திரும்பும்போது பின்சக்கரம் உட்பக்கமாக வெட்டிக்கொண்டு வரும்; குறுகிய வளைவில் அதற்கு இடம் இராது. எனவே பல நிறுவனங்கள் பெரிய லாரியை அடிவாரத்தில் நிறுத்தி, சாமானைச் சிறு வண்டிகளுக்கு மாற்றுகின்றன. இதில் தவறு ஏதும் இல்லை. ஆனால் உங்களிடம் சொல்லாமல் செய்வதுதான் வழக்கம். ஒவ்வொரு முறை கை மாறும்போதும் பொருள் இடிபடவும் பெட்டி காணாமல் போகவும் ஒரு வாய்ப்பு கூடுகிறது. தூரம் குறைவென்றால், வண்டி மாற்றாமல் சிறு வண்டியிலேயே இரண்டு நடை போவதை நான் விரும்புவேன். தூரம் அதிகமென்றால் மாற்றித்தான் ஆகவேண்டும். அப்போது மாற்றும் இடம் கூரையுள்ள கிடங்காக இருக்கட்டும், சாலையோரமாக வேண்டாம். பட்டியலை வைத்துப் பெட்டிகளை அங்கே யார் எண்ணிச் சரிபார்ப்பார் என்பதும் முன்பே முடிவாகியிருக்கட்டும்.

5. எழுத்தில் வாங்குவது

மொத்தத் தொகை மட்டும் எழுதிய தாள் போதாது. கட்டும் பொருள், கட்டும் கூலி, வண்டி வாடகை, சுங்கம், அனுமதிக் கட்டணம், வண்டி மாற்றும் செலவு, வண்டியிலிருந்து வீடுவரை சுமக்கும் தூரம், படிகள், காத்திருப்பு, கட்டில் பீரோ கழற்றிப் பூட்டுவது ஆகியவை தனித்தனி வரியாக இருக்க வேண்டும். தொகை உறுதியானதா, தோராயமானதா என்ற வார்த்தையும் அதில் வேண்டும். தோராயம் என்றால் எவ்வளவு வரை கூடலாம் என்று வரம்பு கேளுங்கள்.

முன்பணம் சிறு பகுதியாக இருக்கட்டும். நிறுவனத்தின் வங்கிக் கணக்கிலேயே செலுத்துங்கள். தனிநபர் எண்ணுக்கு அனுப்பச் சொன்னால் அங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள். இறுதித் தவணை சாமான் இறங்கிய பிறகுதான். இந்தத் தொழிலின் மிக மோசமான ஏமாற்று, பாதி வழியில் வண்டியை நிறுத்திவிட்டு “இன்னும் இவ்வளவு கொடுத்தால்தான் வருவோம்” என்பது. மலையேற்றத்தைக் காரணம் காட்டுவது அதற்கு வசதி. வழியின் விவரம் முழுவதும் ஒப்பந்தத்தில் எழுதப்பட்டிருந்தால் அந்தக் காரணம் செல்லாது. வண்டி எண்ணையும் ஓட்டுநரின் உரிமத்தையும் படம் எடுத்து வைத்திருந்தால் காவல் நிலையத்தில் பேசவும் ஏதாவது கையில் இருக்கும்.

காப்பீட்டைப் பற்றிப் பலருக்கு ஒரு குழப்பம் இருக்கிறது. “எங்கள் பொறுப்பு” என்று நிறுவனம் சொல்வதும் காப்பீடும் ஒன்றல்ல. நிறுவனத்தின் பொறுப்புக்கு ஒப்பந்தத்தில் சிறு எழுத்தில் உச்சவரம்பு இருக்கும். சில நாடுகளில் பொருளின் மதிப்பை விட்டுவிட்டு எடையை வைத்தே இழப்பீடு கணக்கிடுவார்கள். உண்மையான பயணக் காப்பீடு என்றால் காப்பீட்டு நிறுவனம் தரும் பத்திரமும் எண்ணும் உங்கள் கைக்கு வர வேண்டும். அதில் மூன்றைத் தேடிப் படியுங்கள்: மண்சரிவு, வெள்ளம் போன்றவை அடங்குமா? வண்டி மாற்றும்போது ஏற்படும் சேதம் அடங்குமா? நீங்களே கட்டிய பெட்டிக்குள் உடைந்தால் தருவார்களா? கடைசிக் கேள்விக்குப் பெரும்பாலும் “இல்லை” என்றுதான் பதில் வரும். ஆகவே விலை உயர்ந்த கண்ணாடியையும் தொலைக்காட்சியையும் அவர்களையே கட்டவிடுங்கள். பணம், நகை, சான்றிதழ், அன்றாட மருந்து எல்லாம் உங்களோடு வரட்டும்.

6. மலைக்கேற்றபடி கட்டுவது

சமவெளியில் வேலை செய்து பழகியவர்கள் கவனிக்காத சில விஷயங்கள் இங்கே உண்டு. முதலில் காற்றழுத்தம். 2,000 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் உள்ளதில் ஏறக்குறைய 80 சதவீதம்தான். கீழே மூடிய ஷாம்பு, எண்ணெய், சோப்புத் திரவப் புட்டிகளில் அடைபட்ட காற்று மேலே போகப் போக விரியும். மூடி தளர்ந்திருந்தால் திரவத்தை வெளியே தள்ளும். மூடிக்குக் கீழே ஒரு பிளாஸ்டிக் தாளை வைத்து இறுக்கி, நிமிர்த்தி, தனிப் பையில் வையுங்கள். உள்ளே காற்று அடைத்த பொட்டலங்கள் பந்துபோல் உப்பிக் கிடப்பதைப் பார்த்துக் கெட்டுவிட்டதென்று பதற வேண்டாம்.

அடுத்தது ஈரம். கீழே புழுக்கத்தில் மெத்தையைப் பிளாஸ்டிக்கால் காற்றுப்புகாமல் சுற்றினால், உள்ளே சிறைப்பட்ட ஈரக்காற்று மேலே குளிர்ந்து நீர்த்துளியாகப் படியும். சுற்றியபடியே சில நாள் விட்டால் பூஞ்சைதான். மெத்தை, துணி, புத்தகம் மூன்றையும் நன்றாக உலர்ந்த நாளில் கட்டுங்கள். போய்ச் சேர்ந்த அன்றே பிளாஸ்டிக்கைக் கிழித்துவிடுங்கள். மலையிலிருந்து கீழே குடிவருகிறவர்களுக்கு இது தலைகீழ். குளிர்ந்த தொலைக்காட்சியும் கணினியும் வெப்பமான ஈரக்காற்றில் வியர்க்கும். சில மணி நேரம் அறை வெப்பநிலைக்கு வந்தபின் மின்சாரம் கொடுப்பதுதான் பாதுகாப்பு.

மூன்றாவது, வளைவுகள். நேர்ச்சாலையில் சுமை முன்னும் பின்னும் மட்டும் அசையும். மலைப்பாதையில் ஒவ்வொரு வளைவிலும் பக்கவாட்டில் தள்ளும், ஏற்றத்தில் பின்கதவை நோக்கிச் சரியும். கனமானவை அடியில், முன்சுவரை ஒட்டி. இடைவெளிகளில் தலையணை, போர்வை. ஒவ்வொரு அடுக்குக்கும் குறுக்குக் கயிறு. பின்கதவை ஒட்டி உடையும் பொருள் எதுவும் இருக்கக் கூடாது. கண்ணாடியும் தொலைக்காட்சியும் நிமிர்ந்தே பயணம் செய்ய வேண்டும். திறந்த வண்டி என்றால் ஓட்டையில்லாத தார்ப்பாய் இரண்டு கேளுங்கள், மழைக்காலம் இல்லாவிட்டாலும்.

குளிர்சாதனப் பெட்டியை முந்தின நாளே அணைத்து, பனி உருகவிட்டுத் துடைத்துவிடுங்கள். படுக்க வைத்தால் கம்ப்ரசரில் உள்ள எண்ணெய் குழாய்களுக்குள் ஓடிவிடும். அதனால் நிமிர்த்தியே கொண்டுபோக வேண்டும். படிகளில் படுக்க வைத்துத் தூக்க நேர்ந்தால், வைத்த இடத்தில் ஒரு நாள் முழுவதும் விட்டுவிட்டு அதன் பிறகு இயக்குங்கள். முன்பக்கம் திறக்கும் துணி துவைக்கும் எந்திரத்துக்கு வாங்கும்போதே டிரம்மை அசையாமல் பிடிக்கும் போல்ட்டுகள் கொடுத்திருப்பார்கள். அவற்றைத் தேடி எடுத்துப் பூட்டாமல் கொண்டை ஊசி வளைவுகளில் அனுப்பாதீர்கள். பெட்ரோல், தின்னர், பெயிண்ட், நிரம்பிய எரிவாயு உருளை ஆகியவற்றை எந்த நல்ல நிறுவனமும் ஏற்றாது. நீங்களும் மறைத்து வைக்க வேண்டாம். இன்வெர்ட்டர் பேட்டரி நிமிர்ந்தபடி, தனியாக.

பெட்டியின் எடை 15 கிலோவைத் தாண்டாமல் இருப்பது நல்லது. 45 செ.மீ. பெட்டியை முழுவதும் புத்தகத்தால் நிரப்பினால் 50 கிலோவைத் தாண்டிவிடும். ஈரமான கற்படியில் அதைத் தூக்கிக்கொண்டு ஏறுவது ஒரு மனிதர் என்பதை நினைவில் வையுங்கள். புத்தகத்துக்குச் சின்னப் பெட்டிகள்தான். ஒவ்வொன்றிலும் எண், எந்த அறை என்ற குறிப்பு, அதே எண் உங்கள் பட்டியலிலும். மேலும் ஒரு பெட்டியைக் கடைசியாக ஏற்றச் சொல்லுங்கள்: போர்வைகள், கம்பளி, டார்ச், கெட்டில், கத்தரிக்கோல். முதலில் இறங்கப்போவது அதுதான். மலையில் முதல் இரவு கம்பளி எந்தப் பெட்டியில் என்று தெரியாமல் இருப்பது வேடிக்கையாக இராது.

7. ஏற்றும் நாள், இறக்கும் நாள்

ஏற்றும்போது ஒருவர் வண்டியருகே நின்று எண்ணை வாசித்துக் குறிக்க வேண்டும். வேறு வேலை அவருக்கு வேண்டாம். பெரிய பொருள்களை நான்கு பக்கமும் படம் எடுங்கள். முன்பே இருந்த கீறல்களையும் சேர்த்து எடுங்கள்.

வளைவுகளில் கைபேசித் தொடர்பு அறுந்து அறுந்து வரும். வரைபடச் செயலியை நம்பாமல், முகவரியையும் வண்டி நிற்க வேண்டிய இடத்தையும் அடையாளங்களோடு தாளில் எழுதி ஓட்டுநரிடம் கொடுங்கள். குறுகிய பாதையில் தவறான சந்துக்குள் நுழைந்த லாரியை வெளியே எடுப்பது தனி வேலை. முடிந்தால் நீங்கள் முன்னதாகவே மேலே போய், வண்டி நிற்கும் இடத்தில் வேறு கார்கள் நிற்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஓட்டுநரை “எங்கே வருகிறீர்கள்” என்று அரை மணிக்கொருமுறை அழைத்து அவசரப்படுத்தாதீர்கள்.

இறக்கும்போது பீரோ, கட்டில், குளிர்சாதனப் பெட்டி மூன்றையும் எங்கே வைப்பது என்பதை ஆட்கள் வருவதற்குள் முடிவுசெய்து, தரையில் சாக்குக்கட்டியால் கோடு போட்டு வையுங்கள். மரச்சாமானைச் சுவரோடு ஒட்டாமல் கைநுழையும் அளவு இடைவெளி விடுங்கள், ஈரச்சுவர் மரத்தைத் தின்றுவிடும். படிகள் ஈரமாக இருந்தால் பழைய சாக்கு விரித்துவிட்டு வேலையைத் தொடங்கச் சொல்லுங்கள்.

எல்லாப் பெட்டிகளின் எண்களும் சரியான பிறகுதான் ரசீதில் கையெழுத்து. சேதம் தெரிந்தால் அதே தாளில், கையெழுத்துக்கு மேலே, என்ன பொருள், எங்கே உடைந்தது என்று எழுதி, வந்த மேற்பார்வையாளரையும் கையெழுத்திடச் சொல்லுங்கள். “அலுவலகத்தில் சொல்லிவிடுகிறோம்” என்ற வாய்மொழிக்கு மதிப்பில்லை. எல்லாப் பெட்டிகளையும் அன்றே திறந்து பார்க்க முடியாது. ஆனால் இழப்பீடு கோருவதற்குக் காப்பீட்டுப் பத்திரத்தில் நாள் கெடு இருக்கும், அதற்குள் உடையக்கூடிய பெட்டிகளையாவது பிரித்துவிடுங்கள். கோரிக்கை முடிந்து பணம் கைக்கு வரும்வரை, உடைந்த பொருளையும் அது வந்த அட்டைப்பெட்டியையும் எறிய வேண்டாம். பார்வையிட வருகிறவர் முதலில் கேட்பது அந்தப் பெட்டியைத்தான்.